உடுவிலின் காலைத் துதி



மழை பெய்து பயிர் செழித்த ஆண்டில் இறைவனைத் துதிப்பது எளிது. மழை பொய்த்த ஆண்டில் துதிக்க நாவெழுவதில்லை. துதியானது மனத்தின் மகிழ்ச்சியை மட்டும் பற்றி நிற்குமாயின் அது நெடுநாள் நில்லாது. நாளாந்தப் பழக்கமாகிவிடின், துன்பத்திலும் அது மனிதனைத் தாங்கும். இதற்குச் சான்றாகும் வரலாறு ஒன்று சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள உடுவிலில் உண்டு.

1816இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பணி தொடங்கிற்று. அதனைச் சேர்ந்த மைரன் உவின்சிலோ பாதிரியாரும் மனைவியார் ஹாரியட் அம்மையாரும் 1820இல் உடுவிலிற் குடியேறினர். பெண்களுக்கு எழுத்தறிவு எதற்கு என ஊரார் வினவிய அந்நாளில், 1824இல், அங்கே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை ஒன்று அமைந்தது. பாடத்தோடு, காலை மாலை வழிபாடும் அவ்விடுதி வாழ்வின் ஒழுங்காயிற்று.

அவ்வீட்டில் துயரம் குறைவாக இருக்கவில்லை. கல்விக்காக அமெரிக்கா அனுப்பப்பட்ட மகன் சார்ல்ஸ் 1832இல் அங்கே இறந்தான். அடுத்த ஆண்டு சனவரி 14ஆம் நாள் அம்மையாரும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 36.

ஆயினும் வழிபாட்டு மணி ஓயவில்லை. இலேவி ஸ்போல்டிங் பாதிரியாரும் மனைவியாரும் பாடசாலையைப் பொறுப்பேற்றனர். ஸ்போல்டிங் தமிழிலே துதிப் பாடல்களை இயற்றினார். அந்நியரின் வழிபாடாக இருந்த துதி, இவ்வாறு எம்மவர் நாவுக்கும் இசைந்தது. 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் 1879வரை அங்கே பணிபுரிந்தார். தாயகத்தை மீண்டும் காணாமலே 1883இல் இம்மண்ணில் மறைந்த அவரை, ஆயிரம் பெண்மக்களின் தாய் என்றனர். அவரிடம் பயின்ற பெண்கள், விடுதியிற் கற்ற பழக்கத்தைத் தத்தம் இல்லங்களுக்குக் கொண்டுசென்றனர். அப்பாடசாலையே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. 2024இல் அதற்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்தன.

எருசலேமின் அழிவுக்காக அழும் புலம்பல் நூலின் நடுவிலேதான், காலைதோறும் புதிதாகும் இறையிரக்கத்தைப் பற்றிய நம்பிக்கையும் இருக்கிறது. அழுகையை மறைப்பதன்று நம்பிக்கை. அழுதபின்னும் மறுநாட் காலை வழிபாட்டுக்கு எழுவதே நம்பிக்கை. நேயர்களே, விளக்கேற்ற நாம் நல்ல நாள் பார்ப்பதில்லை. பொழுது சாய்ந்தால் ஏற்றுகிறோம். துதியும் அத்தகையதே. இருள் மிகுந்த நாளில் அதன் தேவையும் மிகும்.