கண்ணை அளந்த கதை

கண் சற்றே பிதுங்கியிருக்கும் மாணவனை ‘முட்டைக்கண்ணன்’ என்று கேலி செய்வோரை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். சிலருக்குக் கண் பிறவியிலேயே எடுப்பாக அமைந்திருக்கும். சிலருக்கோ அது நோயின் அறிகுறி. இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவர்கள் பட்ட பாடு நெடியது. அவ்வரலாற்றையே மாணவச் செல்வங்களுக்கு இன்று கூற விழைகிறேன்.

கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல், தைராய்டு என்னும் சுரப்பி அமைந்துள்ளது. அது அளவுக்கு மீறிச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். சிலருக்குக் கண்களும் முன்தள்ளும். இங்கிலாந்தில் பாத் நகரத்து மருத்துவர் பாரி என்பார் 1786-ஆம் ஆண்டிலேயே இத்தகைய நோயாளி ஒருவரைக் கண்டார். ஆயினும் அவர்தம் குறிப்புகள் அச்சேறியது அவர் மறைந்த பின்னர், 1825-இல்தான். 1835-இல் டப்ளின் நகரத்து ராபர்ட் கிரேவ்ஸ், உறக்கத்திலும் இமை மூட இயலாத பெண்மணி ஒருத்தியைப் பற்றி எழுதினார். 1840-இல் ஜெர்மனியின் மெர்செபர்க் நகரில் பாசிடோ என்பவர், கழுத்துக் கழலை, படபடப்பு, கண்பிதுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை எடுத்துரைத்தார். ஆகவே ஆங்கிலேயர் இதனைக் கிரேவ்ஸ் நோய் என்பர். ஜெர்மானியர் பாசிடோ நோய் என்பர். முன்னரே கண்ட பாரியின் பெயரோ அருகியே வழங்குகிறது. உலக வழக்கு அத்தகையது!

இம்மூவரும் பார்த்துச் சொன்னார்களேயன்றி அளந்து சொன்னாரல்லர். அளப்பதற்கு ஏற்றதொரு கருவியை 1905-இல் ஹெர்ட்டெல் என்னும் ஜெர்மானியர் அமைத்தார். கண்குழியின் வெளியோர எலும்பில் அதன் இரு கால்களையும் ஊன்றினால், அவ்வெலும்பைவிடக் கருவிழியின் முகடு எத்தனை மில்லிமீட்டர் முன்னே நிற்கிறது என்பதைக் கண்ணாடியில் படித்துவிடலாம். 20 அல்லது 21 மி.மீ. வரை இயல்பு, அதற்கு மேல் பிதுக்கம் என்று மேனாட்டுப் பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன.

சிக்கல் இங்கேதான் தோன்றியது. அளவு எலும்பிலிருந்து தொடங்குகிறது. எலும்பின் அமைப்போ எல்லா மக்களிடத்தும் ஒன்றன்று. அமெரிக்காவில் மிக்லியோரி, கிளாட்ஸ்டோன் என்னும் இருவர் இயல்பான கண்களை அளந்து 1984-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வெள்ளை ஆடவரின் சராசரி 16.5 மி.மீ.; கறுப்பின ஆடவரின் சராசரி 18.5. இயல்பின் மேல் எல்லை முன்னவர்க்கு 21.7, பின்னவர்க்கு 24.7. அவ்வாறாயின், 23 மி.மீ. அளவுள்ள கறுப்பின ஆடவர் யாதொரு நோயுமின்றியே நோயாளி ஆக்கப்படுவார் அல்லவா?

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கொடியது. ஜப்பானியரிடத்து இயல்பளவு ஐரோப்பியரினும் குறைவு. ஒருவருக்கு இயற்கையில் 13 இருந்து, நோயினால் 18 ஆயிற்று என்று கொள்வோம். ஐந்து மில்லிமீட்டர் தள்ளிய கண்ணைப் பழைய நூல் ‘இயல்பு’ என்றே சொல்லும்! கண்ணுக்குப் பின்னுள்ள தசையும் கொழுப்பும் வீங்கும்போது, கண் முன்தள்ளுவதால் உள்ளழுத்தம் ஓரளவு தணிகிறது. முன்னே நகர இடமில்லாத கண்ணிலோ வீக்கம் உள்ளேயே நெருக்கிப் பார்வை நரம்பை நசுக்கக்கூடும். வெளியே பெரிதாகத் தெரியாத நோய் உள்ளே ஒளியை அவிப்பது இவ்வாறுதான்.

நம்மவரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தில் கிரேவ்ஸ் நோயாளிகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், கண்பாதிப்பு ஐரோப்பியரில் 42 விழுக்காட்டினர்க்கும், இந்தியத் துணைக்கண்ட வழியினரில் 7.7 விழுக்காட்டினர்க்குமே காணப்பட்டது. இது கேட்டு மகிழ்ந்துவிட வேண்டா. புகைபிடிப்போர்க்குக் கண்கேடு மிகுதி என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று.

2008-இல் ஐரோப்பிய வல்லுநர் குழு நோயின் கடுமையை வகுத்தபோது, எல்லோர்க்கும் பொதுவான ஓர் எண்ணைக் கூறாமல், அவரவர் இனத்துக்கும் பாலுக்கும் உரிய இயல்பளவினும் 3 மி.மீ. மிகுந்துள்ளதா என்று பார்க்கச் சொன்னது. ஓரினத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டாகையால், கருவியைக் கையில் எடுக்குமுன், நோயாளியின் பழைய புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் மருத்துவர்களும் உளர்.