இரண்டாங் கண்ணாறு, மூன்றாஞ் சதுக்கம்

உத்திரமேரூர் என்றால் குடவோலை என்றே பள்ளிப் பாடம் நம்மைப் பழக்கிவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகளின் புகழ் அப்படி. அதன் நிழலில் ஒதுங்கிக் கிடப்பவை இவ்வூரின் நில ஆவணங்கள். ஒரு துண்டு நிலத்தைத் தானம் கொடுத்தாலோ விற்றாலோ அது எங்கே இருக்கிறது என்று சொல்ல உத்திரமேரூர் போன்ற சோழர் காலச் சதுர்வேதிமங்கலங்களில் ஒரு வாய்பாடு இருந்தது: இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாங் கண்ணாற்று மூன்றாஞ் சதுக்கத்தில் இத்தனை குழி பரப்பு. வதி என்ற பாதையும் வாய்க்காலும் வெட்டிக்கொள்ளும் மூலைதான் தொடக்கம். எந்தத் திசையில் எண்ண வேண்டும் என்பதை மேற்கும் வடக்கும் சொல்லிவிடுகின்றன. மிச்சமெல்லாம் இரண்டு எண்கள்: எத்தனையாவது கண்ணாறு என்ற வரிசை, அதில் எத்தனையாவது சதுக்கம் என்ற துண்டு. சி என்ற கணினி மொழியில் இருபரிமாண அணியின் (array) ஓர் உறுப்பைக் குறிப்பதும் இதே முறைதான் என்பது என் வாதம். அந்த மொழியில் மாணவர்களைத் திணறடிக்கும் ஓர் இடம் இங்கே தெளிவாகிறது என்றும் சொல்வேன்.

இவ்வூர் வயல்கள் ஏரிப் பாசனத்தை நம்பியவை. வயிரமேகத் தடாகம் என்ற ஏரி பல்லவர் காலத்திலேயே இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ளும் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதி சொல்கிறது. நீர் போகும் வழியே நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது. அந்தக் கட்டத்தை ஊர்ச் சபை முகவரியாக்கியதற்குக் காரணம், கல்லில் வெட்டுவது நெடுங்காலம் செல்ல வேண்டும் என்பதாக இருக்கலாம். கிழக்கே இன்னார் நிலம், தெற்கே இன்னார் நிலம் என்று நான்கெல்லை சொன்னால், பக்கத்து நிலம் கைமாறியதும் ஆவணம் தடுமாறும். வாய்க்கால் அவ்வளவு சீக்கிரம் கைமாறாது.

நிலமெல்லாம் ஒரே அளவாகவா இருந்தது என்று கேட்கலாம். இல்லை, அதனால்தான் குழிக் கணக்கைத் தனியே எழுதினார்கள். கட்டத்துக்குள் அடங்காத நிலத்துக்கு நான்கெல்லை எழுதும் வழக்கமும் கூடவே இருந்தது. சியும் இதையே செய்கிறது: வரிசைகள் சம நீளமாக இருந்தால் ஒரே அணி, ஏறுக்குமாறாக இருந்தால் வரிசைக்கு ஒரு சுட்டி (pointer) வைத்து, அந்தச் சுட்டிகளை ஒரு பட்டியலாக்குவது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதில்தான் குழப்பம் பிறக்கிறது. இருபரிமாண அணியின் பெயர், பெரும்பாலான இடங்களில், அதன் முதல் வரிசை முழுவதையும் காட்டும் சுட்டியாக மாறுகிறது. சுட்டிக்குச் சுட்டியாக மாறுவதில்லை. வரிசையைக் காட்டும் அந்தச் சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால் ஒரு சதுக்கம் நகராது, ஒரு கண்ணாறே தாண்டிவிடும். அந்த வரிசைக்குள் இறங்கிய பிறகுதான் ஒன்றைக் கூட்டுவது அடுத்த சதுக்கத்துக்குப் போவதாகும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி வடித்த மொழியைப் பத்தாம் நூற்றாண்டு வயலில் தேடுவது முன்னோர் பெருமை பேசும் வேலை அல்லவா? சபையார் கணினியை முன்கூட்டி அறிந்தார்கள் என்று சொன்னால் அது பிதற்றல்தான். அவர்கள் ஒன்றிலிருந்து எண்ணினார்கள், சி பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது. அது சிறிய வேறுபாடு. பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கண்ணாறு எங்கே முடிகிறது என்பதை வயலில் இறங்கியவர் கண்ணால் பார்த்துவிடுவார். ஒரு கண்ணாற்றில் எத்தனை சதுக்கம் என்று ஆவணம் சொல்லத் தேவையில்லை. கணினியின் நினைவகத்திலோ வரப்பு கிடையாது. வரிசைகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீளமாகக் கிடக்கின்றன. இரண்டாம் வரிசை எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு வரிசையின் நீளத்தைக் கொண்டு பெருக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நீளத்தைச் சுட்டியின் வகையே சுமக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்கு இருபரிமாண அணியை அனுப்பும்போது எத்தனை வரிசை என்பதை எழுதாமல் விடலாம். வரிசைக்கு எத்தனை உறுப்பு என்பதை விட்டால் கம்பைலர் ஏற்காமல் திருப்பி அனுப்புவது இதனால்தான்.