ஆர் வடிவு? வாண்டா காக்கின் பூனைகள்

எங்கட வீட்டில ஒரு பூனைப் புத்தகத்துக்கு மூன்று அபிப்பிராயங்கள் இருக்கின்றன. வாண்டா காக் எழுதி வரைந்து, 1928இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மில்லியன்ஸ் ஒஃப் கெட்ஸ்’ தான் அந்தப் புத்தகம்.

தனிமையில் வாடும் கிழவனும் கிழவியும் ஒரு பூனை வளர்க்க ஆசைப்படுகிறார்கள். தேடிப்போன கிழவருக்கு எதையும் விட்டுவர மனமில்லை. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறார். வழியில் ஒவ்வொன்றும் ஒரு வாய் குடிக்கக் குளம் வற்றுகிறது, ஒவ்வொன்றும் ஒரு வாய் புல் தின்ன மலை மொட்டையாகிறது. இத்தனைக்கும் தீனி போட ஏலாது என்கிறார் கிழவி. உங்களில் ஆர் வடிவு என்று பூனைகளிடமே கேட்கிறார் கிழவர். பெரிய சண்டை. கடைசியில் மிஞ்சுவது ஒரு மெலிந்த குட்டி மட்டும். மற்றவை ஒன்றையொன்று தின்றிருக்கும் என்று கிழவி ஊகிக்கிறார். தின்றது படத்தில் இல்லை.

“பிள்ளையளுக்கு இதையோ வாசிச்சுக் காட்டுறது?” என்பது அம்மம்மாவின் கட்சி. அடக்கமான குட்டி பிழைத்தது நல்ல பாடம்தானே என்கிறா அக்கா. சின்னவளோ, பிழை முழுக்கக் கிழவரில எண்டு சொல்லுறாள்: “சாப்பாடு இல்லாட்டி ஏன் அவ்வளவையும் கூட்டிக்கொண்டு வந்தவர்?”

புத்தகத்துக்குப் பின்னால இருக்கிற வரலாற்றைப் பார்த்தால், சின்னவளின் கேள்விதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. வாண்டா 1893இல் மினசோட்டா மாநிலத்தின் நியூ உல்ம் நகரில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். ஓவியரான தகப்பன் காசநோயால் 1908இல் இறந்தபோது அவருக்கு 15 வயது. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போ என்று ஊர் சொன்னது. அவர் விடவில்லை. படம் வரைந்து பத்திரிகைக்கு விற்றார், படித்தார், தம்பி தங்கையரும் படிப்பை முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1917இல் தாயும் போய்விட்டார். பதினொரு வருடம் கழித்து வந்த இந்தப் புத்தகத்தின் எழுத்துகளைக் கையால் எழுதிக் கொடுத்தவர் தம்பி ஹவார்ட். 1929இல் அது நியூபெரி கௌரவம் பெற்றது.

ஒரு வாய்க்குச் சோறு என்றால் என்ன விலை என்று தெரிந்த ஒருவர் வரைந்த குளமும் மலையும் அவை. பற்றாக்குறை வந்ததும் கதையில் நடப்பது ஒரு போட்டி: வடிவானது இருக்கட்டும், மற்றது போகட்டும். வாண்டாவின் வீட்டில் அப்படி ஒரு போட்டி வைக்கப்படவில்லை. ஏழு பேரில் ஆர் படிக்கத் தகுதி எண்டு அவர் கேட்கவில்லை.

அதனால் அம்மம்மாவின் பயத்தை நாங்கள் மதித்தாலும், இந்தப் புத்தகத்தை ஒளித்து வைக்கச் சொல்ல மாட்டோம். வாசித்துக் காட்டுங்கோ. கிழவர் அந்தக் கேள்வியைக் கேட்கிற பக்கத்தில கொஞ்சம் நிண்டு, வேற என்ன செய்திருக்கலாம் எண்டு பிள்ளையளிட்டக் கேளுங்கோ.