அச்சுத்தாளில் அறிமுகமான சர்ரியலிசம்

முதலாம் உலகப் போர் முடிவடைந்து அதிக காலம் சென்றிருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஜேர்மன் படையில் பணியாற்றி மீண்டிருந்த இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர், 1919 ஆம் ஆண்டில் கொலோன் நகரிலிருந்து மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கு ஹான்ஸ் கோல்ட்ஸ் என்பவரின் புத்தகக் கடையில் 'வலோரி பிளாஸ்திச்சி' என்னும் இத்தாலியச் சஞ்சிகையின் பிரதியொன்று அவர் கண்ணிற் பட்டது. அதில் ஜோர்ஜோ டி கிரிக்கோ என்ற ஓவியரின் படைப்புகள் அச்சிடப்பட்டிருந்தன. ஆளரவமற்ற சதுக்கங்கள், காரணமின்றி நீண்டு கிடக்கும் நிழல்கள், முகமற்ற தையற்கடைப் பொம்மைகள். நேரில் ஓர் ஓவியத்தையேனும் பாராமல், அந்தச் சஞ்சிகைத் தாள்களை மட்டுமே கண்டு அந்த இளைஞர் தமது பாதையை மாற்றிக்கொண்டார். கொலோன் திரும்பியதும் அவர் வெளியிட்ட எட்டுக் கல்லச்சுப் படங்களில் அந்தத் தையற்காரரும் பொம்மைகளும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம். அவ்விளைஞர்தாம் மக்ஸ் ஏர்ன்ஸ்ட்.

மீயதார்த்தவாதம் என்று நாம் தமிழில் வழங்கும் சர்ரியலிசத்தை அறிய விரும்பும் வாசகர்களுக்கு ஒரு தயக்கம் இருப்பதுண்டு. பரிஸுக்கோ நியூயோர்க்குக்கோ சென்று மூல ஓவியங்களைப் பார்க்க வசதியில்லாதவர்கள், வெறும் புத்தகத்தைப் புரட்டி எதை அறிந்துவிட முடியும் என்பதே அது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இயக்கத்தின் வரலாற்றைப் படித்தால், அதன் மூலவர்களிற் பலரும் அவ்வாறே தொடங்கினார்கள் என்பது தெரியவரும்.

பெல்ஜிய ஓவியர் ரெனே மாகிரித் 1920களின் முற்பகுதியில், நண்பர் ஒருவர் காட்டிய அச்சுப்படி மூலமே டி கிரிக்கோவின் 'காதற் பாடல்' என்ற 1914 ஆம் ஆண்டு ஓவியத்தை முதன்முதலிற் கண்டார். சுவரொன்றில் கிரேக்கச் சிலையின் தலை. அதன் அருகே ஆணியில் தொங்கும் றப்பர் கையுறை. கீழே ஒரு பச்சைப் பந்து. அவ்வளவுதான். அதைக் கண்டு கண்ணீரை அடக்க முடியவில்லை என்று மாகிரித் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வண்ணமற்ற ஒரு சிறு படத்தைப் பார்த்து ஓவியர் ஒருவர் அழுதிருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் மூல ஓவியத்தைக் கண்டவர்களும் உண்டு. பரிஸில் பொல் கியோம் என்ற ஓவிய வணிகரின் கடை யன்னலில் வைக்கப்பட்டிருந்த டி கிரிக்கோவின் 'குழந்தையின் மூளை'யை பஸ்ஸிலிருந்து கண்ட கவிஞர் அந்திரே பிரெத்தோன், உடனே இறங்கி ஓடிச் சென்று பார்த்தார். பின்னர் அதனை வாங்கியும் கொண்டார். சில ஆண்டுகளின் பின் அதே கடை யன்னலில் டி கிரிக்கோவின் ஓவியமொன்றை பஸ்ஸிலிருந்து கண்டுதான் கப்பலிற் பணியாற்றியிருந்த ஈவ் தாங்கி, ஓவியப் பயிற்சி எதுவும் பெறாத நிலையில், தாமும் ஓவியராவதென முடிவு செய்தார் என்று கூறுவர். ஒரே கடை, ஒரே ஓவியர், இரண்டு பஸ்கள் என்னும்போது கதை சற்று அழகுபடுத்தப்பட்டதோ என்ற ஐயம் பத்திரிகையாளனுக்கு எழாமற் போகாது. ஆயினும் இருவரும் அவ்வாறே சொல்லிச் சென்றுள்ளனர்.

இந்த இயக்கம் ஓவியர்களால் தொடங்கப்பட்டதன்று. 1924 இல் பிரெத்தோன் வெளியிட்ட பிரகடனத்தில் ஓவியர்களுக்குக் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பு மட்டுமே. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய 'சர்ரியலிசப் புரட்சி' என்ற சஞ்சிகை, 'லா நத்தூர்' என்ற பிரெஞ்சு விஞ்ஞான ஏட்டின் தோற்றத்தை வேண்டுமென்றே தழுவி அச்சிடப்பட்டது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பியெர் நவீல், சர்ரியலிச ஓவியம் என்று ஒன்று இல்லவே இல்லை என மூன்றாம் இதழில் எழுதினார். பிரெத்தோன் அடுத்த இதழிலிருந்து ஆசிரியப் பொறுப்பைத் தாமே ஏற்று, 'சர்ரியலிசமும் ஓவியமும்' என்ற தொடரை ஆரம்பித்தார். 1928 இல் அது நூலாயிற்று. 1925 நவம்பரில் பரிஸில் நடைபெற்ற முதலாவது கூட்டுக் கண்காட்சியில் ஏர்ன்ஸ்ட், மிரோ, மாசோன், மான் ரே ஆகியோருடன் பிக்காசோவின் ஓவியங்களும் இடம்பெற்றன.

மான் ரேயின் புகைப்படங்களும் இத்தகைய சஞ்சிகைகள் வழியாகவே உலகைச் சுற்றின. படத்தைக் கழுவும்போது ஒளியை மீண்டும் பாய்ச்சி விளிம்புகளைத் தலைகீழாக மாற்றும் அவரது உத்தியை, கொழும்பில் லயனல் வெண்ட் 1930களில் திறம்படக் கையாண்டார். 1944 இல் மறைந்த அவருடைய படங்களும் 1950 இல் வெளிவந்த ஒரு நூலின் மூலமே வெளியுலகிற் பலருக்கு அறிமுகமாயின.

புதிதாகத் தொடங்குபவர் எந்த நூலை முதலிற் கையிலெடுக்கலாம்? என்னைக் கேட்டால் ஏர்ன்ஸ்டின் 'ஒரு வாரக் கருணை' என்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவு நாவல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி, ஒட்டி, பறவைத் தலை மனிதர்களையும் வெள்ளம் புகுந்த படுக்கையறைகளையும் அவர் அதில் உருவாக்கினார். 1933 இல் இத்தாலியில் தங்கியிருந்தபோது மூன்றே வாரங்களில் இதனைச் செய்து முடித்தார். 1934 இல் பரிஸில் ஐந்து சிறு ஏடுகளாக வெளிவந்தது. இதில் ஒரு சொல்லேனும் கதை கிடையாது; 182 படங்களே உண்டு. ஒட்டுப்படங்களின் மூலத்தாள்கள் 1936 இல் மட்ரிட் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டபின், 2008 வரை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. அச்சில் வருவதற்கென்றே செய்யப்பட்ட படைப்பு இது. ஆகவே அமெரிக்காவின் டோவர் பதிப்பகம் 1976 இல் வெளியிட்ட மலிவுப் பதிப்பை வைத்திருப்பவரும் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

ஆங்கிலம் படிப்போருக்காக எழுதப்பட்ட முதல் அறிமுக நூலும் ஒரு தொடக்கநிலையாளரின் கைவண்ணமே. 1935 இல் அதனை எழுதியபோது டேவிட் காஸ்கோயினுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. மறு ஆண்டு யூன் மாதம் லண்டனில் சர்வதேச சர்ரியலிசக் கண்காட்சி நடைபெற்றது. சுழியோடியின் கனத்த உடையை அணிந்து உரையாற்ற வந்த சல்வதோர் டாலி மூச்சுத் திணறியதும், தலைக்கவசத்தை அரும்பாடுபட்டுக் கழற்றி அவரைக் காப்பாற்றியதும் பலரும் அறிந்த கதை.

அதே ஆண்டில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்றே என் மனதில் அதிகம் நிற்கிறது. லங்காஷயர் ஆலை அதிபர் ஒருவரின் மகளான லியோனோரா கரிங்டனுக்கு, ஹேர்பெர்ட் ரீட் தொகுத்த 'சர்ரியலிசம்' என்ற நூலை அவருடைய தாயார் வாங்கிக் கொடுத்தார். கரிங்டனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மகள் ஓவியராவதைக் குடும்பம் விரும்பியிருக்கவில்லை. எனினும் தாயார் புத்தகத்தை வாங்கினார். அதில் ஏர்ன்ஸ்டின் 'இரண்டு குழந்தைகளை அச்சுறுத்தும் இராப்பாடி' என்ற ஓவியம் அச்சிடப்பட்டிருந்தது. மூலத்தில் ஓவியத்தின் மீது உண்மையான சிறு மரப்படலை ஒன்று பொருத்தப்பட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் அது தட்டையாகவே தெரியும். ஆயினும் அதைக் கண்டபோது உள்ளே ஏதோ எரிவது போலிருந்தது என்று கரிங்டன் பின்னாளிற் சொன்னார். மறு ஆண்டு ஏர்ன்ஸ்டை அவர் லண்டனிற் சந்தித்தார். பிரான்ஸில் கூட்டு வாழ்க்கை, போர், ஏர்ன்ஸ்டின் சிறைவாசம், ஸ்பெயினில் மனநோய் விடுதி என யாவற்றையும் கடந்து மெக்சிக்கோவைச் சென்றடைந்து, 2011 இல் தமது 94 ஆவது வயதில் மறையும்வரை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார்.

இங்கேதான் புத்தகத்தின் மறுபக்கமும் வெளிப்படுகிறது. எந்த வகை நூல் கரிங்டனுக்குக் கதவைத் திறந்ததோ, அதே வகை நூல்கள் பல ஆண்டுகள் அவரை வெளியே நிறுத்தி வைத்தன. பின்வந்த பொது வரலாறுகள் பலவற்றில் அவரும், மெக்சிக்கோவில் அவருடைய தோழியாயிருந்த ரெமெடியோஸ் வாரோவும், டொரத்தியா டானிங்கும் யாரோ ஒருவரின் காதலி, யாரோ ஒருவரின் மனைவி என்ற அளவில் ஒரு வரியில் வந்து போயினர். லண்டன் கண்காட்சியிலேயே ஐலீன் ஏகரும் மெரெட் ஒப்பன்ஹைமும் பங்குபற்றியிருந்தனர் என்பதை நோக்கும்போது, இது அறியாமையால் நேர்ந்தது என்று கூறுவதற்கில்லை. விற்னி சாட்விக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1985 இல் சர்ரியலிசப் பெண் ஓவியர்கள் பற்றிய நூலை வெளியிட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 2024 மே மாதம் கரிங்டனின் 1945 ஆம் ஆண்டு ஓவியமொன்று நியூயோர்க்கில் 28.5 மில்லியன் டொலருக்கு விலைபோனது. அதே ஆண்டு நவம்பரில் மாகிரித்தின் ஓவியமொன்று 121 மில்லியன் டொலரைத் தாண்டியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பழைய புத்தகக் கடையில் சர்ரியலிசம் பற்றிய தடித்த நூலொன்று கையிற் கிடைத்தால், நான் வண்ணப் படங்களைப் பார்ப்பதற்கு முன்னர் கடைசிப் பக்கங்களிலுள்ள பெயரகராதியைப் புரட்டி, கரிங்டன், வாரோ, ஏகர் ஆகிய மூன்று பெயர்களைத் தேடுவேன். விலை கேட்பது அதன் பின்னர்தான்.