‘டோர்னமெண்ட்’ – ஒரு சொல்லின் வரலாறு

பொங்கல் விழாவையொட்டி நம் இளைஞர்கள் நடத்தும் கபடிப் போட்டியின் விளம்பரத் தாள்களில் ‘டோர்னமெண்ட்’ என்னும் சொல்லை நாம் அடிக்கடி காண்கிறோம். அச்சொல் எங்குப் பிறந்தது, யாருக்கு உரியதாய் இருந்தது என்பதை ஆராய்ந்தால், விளையாட்டைப் பற்றி மட்டுமன்றிச் சமுதாயத்தைப் பற்றியும் சில உண்மைகள் விளங்கும்.

ஆங்கிலம் இச்சொல்லைப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றது. பிரெஞ்சு மொழியில் அது ‘சுழலுதல், திரும்புதல்’ எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்தது. அவ்வினைக்கு மூலம் ‘டோர்னஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதற்கும் மூலம் ‘டோர்னோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். இவை குறித்தது வாளையன்று, வேலையுமன்று. வட்டம் வரையும் கருவியையும், மரத்தைச் சுழற்றிக் கடையும் கடைசல் கருவியையுமே குறித்தன. உழைப்பாளியின் பட்டறையில் பிறந்த சொல்லே பின்னர்ப் பிரபுக்களின் களத்தை அடைந்தது.

12ஆம் நூற்றாண்டில் வட பிரான்சின் திறந்த வெளிகளில் குதிரை வீரர்கள் இரு அணிகளாய்ப் பிரிந்து மோதினர். பாய்ந்து தாக்கியபின் குதிரையைத் திருப்பி மீண்டும் தாக்குவர். பிடிபட்டவனின் குதிரையும் கவசமும் பிடித்தவனுக்கு உரியவை. இருவர் மட்டும் ஈட்டியேந்தி எதிரெதிரே மோதுவது ‘ஜௌஸ்ட்’ எனப்பட்டது. ‘அருகில்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அதற்கு வேர். உயிர்ச்சேதம் மிகுந்தமையால் 1130இல் கிளெர்மோன் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை இப்போட்டிகளைத் தடை செய்தது. அத்தடை 1316இல்தான் நீங்கியது.

தொடக்கத்தில் இக்களம் வறிய வீரனுக்கும் ஓரளவு இடந்தந்தது. நிலமற்ற இளைய மகனாகிய வில்லியம் மார்ஷல் போட்டிகளில் வென்றே பெயரும் பொருளும் ஈட்டி, 1216இல் சிறுவனாகிய மன்னன் மூன்றாம் ஹென்றியின் பெயரால் இங்கிலாந்தை ஆளும் நிலையை எய்தினார். 1194இல் மன்னன் முதலாம் ரிச்சர்டு விதித்த நுழைவுக் கட்டணம் பெரும் பிரபுவுக்கு 20 மார்க்கு, நிலமற்ற வீரனுக்கு 2 மார்க்கு. ஆயினும் வீரன் என்னும் தகுதி பெற்றோருக்கே அவ்வாயிலும் திறந்தது; உழவனுக்குத் திறக்கவில்லை.

காலம் செல்லச் செல்ல வாயில் மேலும் குறுகியது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியப் பிரபுக்கள் கடும் விதிகளை வகுத்தனர். 1485ஆம் ஆண்டின் ஹைல்பிரான் விதிகள் அவற்றுள் புகழ்பெற்றவை. களம் புக விரும்பியவன் தன் முன்னோர் உயர்குடியினரே என மெய்ப்பிக்க வேண்டும். வணிகம் செய்தவனும் தாழ்ந்த குடியில் பெண் கொண்டவனும் குற்றவாளிகளாகக் கருதப்பட்டனர். கைவலிமையை அளக்க வேண்டிய இடத்தில் பிறப்பை அளந்தனர். கடைசல் கருவியின் பெயரைச் சூடிய களத்தில், கருவி பிடித்த கைக்கு இடமில்லாமற் போயிற்று! பிறப்பின் பெயரால் வாயிலடைக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் உணர்கிறோம்.

1559இல் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் ஹென்றி, ஈட்டியின் முறிந்த சிம்பு கண்ணில் பாய்ந்து மாண்டான். பிரபுக்களின் அவ்விளையாட்டு மெல்ல மறைந்தது; சொல் மட்டும் வாழ்ந்தது. சதுரங்கமும் பந்தாட்டமும் அதனை ஏற்றன.

அச்சொல் நம் நாட்டுக்கு வந்தபோதும் பழைய கேள்வி உடன் வந்தது. ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணியின் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அத்தலைமையைப் பெற்றார். இடைவிடாத கோரிக்கையும் மறுக்கவியலாத திறமையும் சேர்ந்தே அவ்வாயிலைத் திறந்தன.

இளைஞர்களே! இனி அச்சொல்லை எழுதும்போது அதன் வரலாற்றையும் நினையுங்கள். நாம் நடத்தும் களத்தில் எவரிடமும் பிறப்பைக் கேளாதிருப்போம். பிறர் நடத்தும் களத்தில் நம் பிறப்பைக் கேட்க எவரையும் விடாதிருப்போம்.