பாதித் தலையின் கதை



பல வருடங்களுக்கு முன் என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மாதத்தில் ஓரிரு நாள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். "கண்ணு முன்னால கோணல்மாணலா வெளிச்சம் ஓடுது டீச்சர், போர்டு பாதிதான் தெரியுது" என்பாள். கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று எண்ணி, ஒருநாள் வெயிலில் நிற்க வைத்தேன். வாந்தி எடுத்தாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

சென்ற மாதம் என் பேத்தி அதே வார்த்தைகளைச் சொன்னாள். நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, மைக்ரேன் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாத்தியார் புத்தி, இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் இதற்கு வைத்த கிரேக்கப் பெயர் 'ஹெமிகிரேனியா'. பாதி மண்டை என்று பொருள். அதுவே மருவி மைக்ரேன் ஆயிற்று. சுஸ்ருத சம்ஹிதையில் 'அர்த்தாவபேதகம்', அதிலும் பாதிதான். நம் பாட்டிமார் சொன்னது ஒற்றைத் தலைவலி. ஆனால் சிலருக்கு இரு பக்கமும் வலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1870இல் ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர், தனக்குத் தெரிந்த வளைவுநெளிவு வெளிச்சத்தைக் கோட்டைச் சுவர் போலப் படமாக வரைந்து வெளியிட்டார். அவருடைய தந்தை, புகழ்பெற்ற வானியலாளர் ஜார்ஜ் ஏரிக்கும் அதே தொந்தரவு இருந்தது. இந்நோய் குடும்பவழியில் வருவதுண்டு.

1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர், தன் கண்ணில் அந்த வெளிச்சம் பரவுவதைக் கவனித்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் நகர்கிறது எனக் கணக்கிட்டார். 1944இல் பிரேசில் விஞ்ஞானி லியாவ், முயலின் மூளையில் அதே போல மெல்ல ஊர்ந்து பரவும் மாற்றத்தைக் கண்டார். இரண்டும் ஒத்துப்போவதைப் பின்வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். ஆக, இது நடிப்பல்ல. மூளையில் நடக்கும் நிகழ்வு. 1991இல் மைக்ரேனுக்கென்றே உருவான சுமாட்ரிப்டான் மருந்து விற்பனைக்கு வந்தது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது. இதுவரை இல்லாத அளவு, இடி விழுந்தாற்போலத் திடீரென வரும் தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம். தலையில் அடிபட்ட பிறகு அதிகமாகும் வலி: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலோ, பழைய வலியின் தன்மை மாறினாலோ, கர்ப்ப காலத்தில் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மெடிக்கலில் தாமாக மாத்திரை வாங்கிப் போடுபவர்களே, சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வலி வந்த தேதி, நேரம், தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். தலையைக் கவிழ்க்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் படுக்க வையுங்கள், பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அந்த மாணவி இதைப் படிக்க நேர்ந்தால்: அம்மா, நீ சொன்னது உண்மைதான். அன்று நான் உன்னை நம்பியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.