தண்டுவடத் தூண்டியும் மறு அறுவை சிகிச்சையும்

தண்டுவடத் தூண்டி என்பது நாள்பட்ட வலியைத் தணிக்க உடலுக்குள் பொருத்தப்படும் மின்கருவி ஆகும். தண்டுவடத்தை ஒட்டி வைக்கப்படும் மின்முனைகள், தோலுக்கடியில் வைக்கப்படும் பேட்டரி, இரண்டையும் இணைக்கும் கம்பி ஆகியவை இதன் பகுதிகள். இவற்றைச் சரிசெய்யவோ மாற்றவோ அகற்றவோ செய்யப்படுவதே மறு அறுவை சிகிச்சை.

வரலாறு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீராத வலிக்குத் தண்டுவடத்திலுள்ள வலிப் பாதையையே வெட்டும் முறை வந்தது. வெட்டியதை மீண்டும் இணைக்க இயலாது. 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை வெளியிட்டனர். தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டினால் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே தடைபடும் என்பது அதன் சாரம். இதன் அடிப்படையில் 1967-இல் அமெரிக்காவில், நார்மன் ஷீலி புற்றுநோய் வலியால் துன்புற்ற ஒருவருக்கு முதல் தூண்டியைப் பொருத்தினார். மின்முனையை உருவாக்கியவர் தாமஸ் மார்ட்டிமர்.

தொடக்கக் காலக் கருவிகள் உடலுக்கு வெளியிலிருந்து வானொலி அலை மூலம் ஆற்றல் பெற்றன. பின்னர் உடலுக்குள் வைக்கும் பேட்டரியும், 2004-இல் மின்னேற்றத்தக்க பேட்டரியும் வந்தன.

மறு அறுவைக்கான காரணங்கள்

* மின்முனை நகர்தல்: குனிந்து நிமிர்வதால் நகரலாம். முதலில் மின் அமைப்பை மாற்றிப் பார்ப்பர். பயனில்லையெனில் அறுவை தேவைப்படும்.
* கம்பி முறிதல்: மின்தடையை அளந்து கண்டறிவர்.
* பேட்டரி தீர்தல்: கம்பியை விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் மாற்றலாம்.
* நோய்த்தொற்று: பெரும்பாலும் முழுக் கருவியையும் அகற்ற நேரிடும்.

எனவே மறு அறுவை என்றாலே சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளல்ல. 1958-இல் ஸ்டாக்ஹோமில் உலகின் முதல் உட்பொருத்து இதய முடுக்கியைப் பெற்ற ஆர்னே லார்சனுக்கு, வாழ்நாளில் 20-க்கும் மேற்பட்ட முறை கருவி மாற்றப்பட்டது. அவர் 2001 வரை வாழ்ந்தார்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி

விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கப்பட்டது. அருகில் புதுச்சேரி ஜிப்மர் உள்ளது. எனினும் தூண்டி பொருத்தும் சிகிச்சை பெரும்பாலும் பெருநகரங்களிலேயே நடைபெறுகிறது. சென்னை, திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ., விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே கருவியின் விலையோடு, பின்னாளில் வரக்கூடிய பயணம், பேட்டரி மாற்றம், மறு அறுவை ஆகியவற்றின் செலவையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. கருவியின் அடையாள அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைக் காட்டுவது கட்டாயம். காயத்தில் சீழ், காய்ச்சல், கால் பலவீனம், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் சென்னைப் பயணத்துக்குக் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.